எந்தப் பக்கத்துக் கை

என் மேசையில், கணினிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே ஒரு கை கிடக்கும். வெள்ளை உலோகத்தில் அச்சடித்த சின்னத் தகட்டுக் கை. சங்கரன்கோவில்காரர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. கோவில் வாசல் கடைகளில் கண், கால், கை, வயிறு என்று தட்டில் பரப்பி விற்பார்கள். உடம்பில் எந்த இடத்தில் நோவோ அந்த இடத்தின் தகட்டை நேர்ந்துகொண்டு, நோவு தீர்ந்ததும் கோமதியம்மன் உண்டியலில் போடுவது எங்கள் ஊர் வழக்கம். என் மேசையில் கிடந்ததில் மட்டும் மார்க்கர் பேனாவால் ஆர்.டி. என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் எழுதியிருக்கும். வேலைக்குப் புதிதாகச் சேரும் பெண்கள் முதல் நாளே கேட்டுவிடுவார்கள், "யாரோட கைக்கா இது?" என்று. "எங்க அண்ணனோடது" என்பேன். எழுதியது யார் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு அலுவலகத்தில் வேலை நடந்திருக்காது, ஏனென்றால் எழுதியது என் மதினி, அவளைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

மதினி என்றால் அண்ணன் மனைவி. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருந்த வீட்டுப் பெண். அவளைப்போல அடுத்தவர் கதையில் ஆசை வைத்த ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினால், பனவடலிசத்திரம் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரியின் மருமகள் எந்த ஊர், ஏன் கோபித்துக்கொண்டு போனாள், திரும்பி வருவாளா என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். புறணி பேசுகிற குணம் அல்ல அது. கேட்டதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டாள். அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளின் கதையை மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். என் அண்ணன் சவூதியில் ஏசிக்குத் தகரக் குழாய் பொருத்துகிற வேலையில் இருந்தான். கல்யாணமான வருஷமே போனவன். லீவுக்கு வருவான், பெட்டியைப் பிரிப்பான், பெட்டியைக் கட்டுவான். அவனை ஒரேயடியாக ஊருக்கு வரவைக்க வேண்டும் என்பதுதான் மதினியின் ஒரே பிடிவாதம். "வந்து என்ன செய்ய?" என்று அவன் கேட்பான். அதற்கு அவள் பதில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் நான் மெடிக்கல் பில்லிங் என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

அப்போது நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னோடு கல்லூரியில் படித்த தோழி சென்னையில் இந்தத் தொழிலில் இருந்தாள். அவள் கையில் இருந்த சின்ன டாக்டர்களின் வேலையை வெளியே பிரித்துக்கொடுக்க ஆள் தேடினாள். விஷயம் இதுதான். அமெரிக்காவில் நோயாளிக்காக இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டருக்குப் பணம் கொடுக்க வேண்டும். அதற்கு, வந்த நோய்க்கு ஒரு எண், பார்த்த வைத்தியத்துக்கு ஒரு எண், உடம்பில் எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு குறி என்று எல்லாவற்றையும் பொருத்தி பில் அனுப்ப வேண்டும். ஒன்று பிசகினாலும் பில் திரும்பி வந்துவிடும். எங்கள் இருவருக்கும் வைத்தியமும் தெரியாது, அமெரிக்காவும் தெரியாது. "முன்பின் தெரியாத வேலையில பொம்பளைய ரெண்டு பேரு போய் விழணுமா?" என்று அப்பா கேட்டார். மதினி காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு, "நீச்சல் தெரிஞ்ச பொறவா மாமா எல்லாரும் கிணத்துல இறங்குதாவ?" என்றாள். அப்பா காபியைக் குடித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

திருவேங்கடம் சாலையில், மிக்ஸி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்தோம். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு மின்விசிறி. வாசலில் "மெடிக்கல் பில்லிங்" என்று பெரிதாக ஒரு போர்டு வைத்ததுதான் நாங்கள் செய்த முதல் முட்டாள்தனம். நம் ஊரில் மெடிக்கல் என்றால் மருந்துக்கடை. போர்டு ஏறிய அன்றே ஒரு பெரியவர் மூச்சு வாங்க மாடியேறி வந்து மருந்துச் சீட்டை நீட்டினார். "இங்கன மாத்திர கிடையாது அண்ணாச்சி, பில்லு மட்டுந்தான்" என்றாள் மதினி. அவர் யோசித்தார். "மாத்திர கீழயா?" என்றார். மிக்ஸி கடைக்காரர் பாவம், அந்த மாதம் முழுக்க மாத்திரை கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்லியே களைத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. மதினிக்கோ ஒரே கொண்டாட்டம். வந்த ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, என்ன நோவு, எப்போதிலிருந்து, எந்த டாக்டர் என்று விசாரித்துத்தான் அனுப்புவாள். "தொழில் பழகுதேன்ட்டி" என்பாள்.

உண்மையாகவே அப்படித்தான் பழகினாள். நான் வீடியோ பாடங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்து எண்களை மனப்பாடம் செய்தேன். அவள் எண்களைக் கதைகளாகப் பிடித்துக்கொண்டாள். மாடு முட்டினால் ஒரு எண், மாடு கடித்தால் வேறொரு எண் என்று படித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "மாடு கடிக்குமாட்டி? அந்த ஊர்ல அதுகளுக்குப் புல்லு கிடைக்கலியோ?" தோழி எங்களுக்குப் பழகுவதற்குக் கொடுத்தது ஒரு வயதான எலும்பு டாக்டரின் கணக்கு. நோயாளிகளின் பெயரை அறைக்கு வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் தர்மம். அதனால் மதினி அவர்களுக்கு வேறு பெயர் வைத்தாள். விளக்கு மாட்ட ஏணியில் ஏறி விழுந்தவள் ஏணிப் பாட்டி. பனியில் சறுக்கி விளையாடித் தோளை இறக்கிக்கொண்டவர் சறுக்குத் தாத்தா. ஏணிப் பாட்டிக்கு அறுவை முடிந்து, வாரா வாரம் பிசியோதெரபி பில் வந்துகொண்டே இருந்தது. "தையல் பிரிச்ச பொறவும் விட மாட்டேங்கானுவளே, இத்தன நாளா பயிற்சி குடுப்பான்?" என்று ஒவ்வொரு பில்லிலும் ஆச்சரியப்படுவாள். ஒரு வாரம் அந்த பில் நின்றது. மதினி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "ஏணிப் பாட்டி நடந்துட்டா!" என்று கத்தினாள். கீழே மிக்ஸி கடையில் ஒரு நிமிஷம் சத்தம் நின்றது.

பழகும் காலம் முடிவதற்குள் எங்கள் பில்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ஒப்பந்தம், இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று தோழி முன்பே சொல்லியிருந்தாள். எனக்கு அது தொழில். மதினிக்கு அது அண்ணனின் "வந்து என்ன செய்ய?" என்ற கேள்விக்கான பதில். அந்த நேரம் பார்த்துத்தான் பில்கள் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லாமும் அல்ல, சிலது மட்டும். காரணம் ஒன்றே ஒன்று: பக்கம் தவறு. அறுவை நடந்த ஆஸ்பத்திரி தனியாக வலது முழங்கால் என்று பில் போட்டிருக்கும், நாங்கள் இடது என்று அனுப்பியிருப்போம்.

அந்த டாக்டர் பழைய காலத்து மனுஷர். இடது வலது என்று கைப்பட எழுத மாட்டார். அவர் அனுப்பும் தாளில் ஒரு ஆள் படம் இருக்கும். முன்பக்கம் ஒரு ஆள், பக்கத்திலேயே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள். வலிக்கிற இடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிடுவார். அதைப் பார்த்து வலது என்றால் ஆர்.டி., இடது என்றால் எல்.டி. என்று நாங்கள் குறிக்க வேண்டும். தாள்களை இரண்டாகப் பிரித்து, பாதியை நானும் பாதியை அவளுமாகச் செய்துகொண்டிருந்தோம். திரும்பி வந்ததில் என்னுடையதும் இருந்தது, அவளுடையதும் இருந்தது. என்னுடையதை நான் எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், தப்பு எதுவும் தெரியவில்லை. அவள் தன்னுடையதைப் பார்த்தாள், அவளுக்கும் தெரியவில்லை. ஒருத்தி தாளை மற்றவள் வாங்கிப் பார்த்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும் காரியம். ஆனால் "உன் தாளைக் காட்டு" என்று எப்படிக் கேட்பது? அவள் சரியாகப் பார்க்கவில்லை என்று நானும், நான் அவசரப்படுகிறேன் என்று அவளும் மனதுக்குள் வைத்துக்கொண்டு, வெளியே மட்டும் "டீ குடிக்கியா?" "நீங்க குடிங்க மதினி" என்று மரியாதையாகப் பேசிக்கொண்டோம். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது. மதினி என்னைத் திட்டாமல் இருந்ததே இல்லை.

கெடு நெருங்கிய ஒரு காலையில், "கோயிலுக்குப் போயிட்டு வருவோம், வா" என்று கூப்பிட்டாள். சங்கரலிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு, நடுவில் இருக்கும் சங்கரநாராயணர் சன்னதியில் நின்றோம். ஒரே திருமேனியில் பாதி சிவன், பாதி பெருமாள். பக்கத்தில் வெளியூர்க் குடும்பம் ஒன்று நின்றது. அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல சிவன் எந்தப் பக்கம்?" என்று எங்களைக் கேட்டாள்.

"வலது பக்கம்" என்றேன் நான்.

"இடது பக்கம்" என்றாள் மதினி, அதே மூச்சில்.

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளூர்க்காரிகளுக்கே தெரியவில்லையே என்று நினைத்திருப்பாள். நான் பிறந்ததிலிருந்து அந்தச் சன்னதியில் நின்றவள். சாமியைப் பார்த்தால் சாமியின் வலது, சாமியின் இடது என்றுதான் என் கண்ணுக்குத் தெரியும். வேறு மாதிரி பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தரவே இல்லை. மதினி மண்டியில் வளர்ந்தவள். தனக்கு இடது கைப்பக்கம் இருக்கிற மூட்டை இடப்பக்க மூட்டை. மூட்டைக்கு ஏது வலது கை? இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "ஏட்டி," என்றாள் மெதுவாக, "நீ அந்தப் படத்த எப்படிட்டி பாக்க?" சன்னதி என்றுகூடப் பார்க்காமல் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மனைக்கூட அவசரமாகத்தான் கும்பிட்டோம்.

அலுவலகத்துக்கு ஓடிவந்து இருவர் தாள்களையும் ஒரே மேசையில் பரப்பினோம். அப்போது நான், சரி, நான் பார்த்ததுதான் சரி, சாமி விஷயத்தில் மதினிதான் தப்பு என்று உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்திருந்தேன். அந்த நிமிர்வு அதிக நேரம் நிற்கவில்லை. எங்களைப் பார்த்து நிற்கும் ஆளிடம் நான் போட்டது எல்லாம் சரி, அவள் போட்டது தப்பு. முதுகைக் காட்டி நிற்கும் ஆளிடம் அவள் போட்டது எல்லாம் சரி, நான் போட்டது தப்பு. நான் திரும்பி நின்றவனையும் சாமியாக நினைத்துப் பக்கத்தை மாற்றியிருக்கிறேன். அவள் நேரே நின்றவனையும் மூட்டையாக நினைத்து மாற்றாமல் விட்டிருக்கிறாள். மதினி எழுந்து சுவரைப் பார்த்து நின்று, பிறகு என்னைப் பார்த்து நின்று, மறுபடி சுவரைப் பார்த்து நின்று, "இவ்வளவுதானா!" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தாளிலும் குறி போடுமுன் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகச் சட்டம்: "ஆளு நம்மளப் பாத்து நிக்கானா, திரும்பி நிக்கானா?" இன்றைக்கும் என் அலுவலகத்துக்குள் யாராவது நுழைந்தால் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான்.

திருத்திய பில்கள் போய்ச் சேர்ந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒப்பந்தம் உறுதியாகிவிட்டதென்று தோழி சொன்னாள். அண்ணனுக்கு அன்று விடுமுறை. மதினி அந்த நிமிஷமே வீடியோ காலில் அவனைக் கூப்பிட்டாள். போனை எதிலோ சாய்த்துவைத்துவிட்டு அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "இனி இங்கன நமக்கு ஒரு கம்பெனி இருக்கு, கேட்டியளா?" என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள். முகத்தை போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"என்ன, பீச்சாங்கையில சாப்பிடுதிய?"

அண்ணன் கையில் ஸ்பூன் இருந்தது. சிரித்தான். "போன்ல இடம் வலம் மாறித்தான் தெரியும். உனக்கு என்ன தெரியும்?"

"மாறட்டும். சட்டைப் பை எங்கன இருக்கு?"

நான் எட்டிப் பார்த்தேன். படம் எப்படி மாறித் தெரிந்தாலும் சட்டைப் பை இருப்பது இடப்பக்கம்தான். பை இருந்த பக்கத்துக் கையில்தான் ஸ்பூனும் இருந்தது. "அந்தக் கையக் காட்டுங்க" என்றாள் மதினி. குரல் உயரவில்லை. மேசைக்குக் கீழே இருந்து அண்ணன் வலது கையை எடுத்து வைத்தான். தகரம் வெட்டும்போது கிழித்து, தையல் போட்டு ஆறிய கை. இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றன. இப்போது ஸ்டோர் ரூமில் உட்காரவைத்திருக்கிறார்கள் என்றான். சொன்னால் வா என்பாய், வந்து என்ன செய்ய என்றான். மதினி அழவில்லை. நான்தான் அழுதேன். அவள், "டிக்கெட் போடுங்க" என்றாள். "என்ன செய்யன்னு இனி கேக்கக் கூடாது. இங்கன வேல இருக்கு."

அண்ணன் வந்தான். தையல் ஆறிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அவனே முடிவுகட்டியிருந்தான். மதினி விடவில்லை. ஏணிப் பாட்டிக்கு அத்தனை வாரம் பயிற்சி கொடுத்தானே, சும்மாவா கொடுத்தான் என்று கேட்டு, திருநெல்வேலியில் ஒரு பிசியோதெரபி டாக்டரைப் பிடித்தாள். விட்ட காலத்துக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் பலன் இருக்கும் என்றார் அவர். ஊர் திரும்பியதும் மதினி நேரே கோவில் வாசலுக்குப் போய் ஒரு கைத் தகடு எடுத்தாள். "இது எந்தப் பக்கத்துக் கை?" என்று கடைக்காரரைக் கேட்டாள். அவர் தன் வாழ்நாளில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். "எந்தப் பக்கம் திருப்புதியளோ அந்தப் பக்கத்துக் கைதாம்மா. அம்மனுக்குத் தெரியாதா?" என்றார். "தெரியாமப் போனா திரும்பி வந்துரும்லா?" என்று சொல்லிவிட்டு, அலுவலகத்துக்கு வந்து தன் வலது கையைத் தகட்டின்மேல் வைத்து, கட்டைவிரல் பொருந்தும் பக்கத்தைத் தேடி, அந்தப் பக்கத்தில் ஆர்.டி. என்று எழுதினாள். கை சரியானதும் உண்டியலில் போட வேண்டும் என்று சொல்லி என் மேசையில் வைத்தாள்.

டாக்டர் விரல்களை மடக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார். மதினி அதை அலமாரியில் போட்டுவிட்டு அண்ணன் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தாள். கணினி முன்னால் உட்காருவது அண்ணனுக்கு ஒத்துவரவில்லை. பழத்தை உருட்டிக்கொண்டு மாடிக்கும் தெருவுக்கும் நடந்தான். புளியங்குடியில் அவள் அப்பாவுக்கு முடியாமல்போய், மண்டியைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. ஒரு நாள் மதினி தன்னிடமிருந்த அலுவலகச் சாவியை என் மேசையில் வைத்தாள். "நாங்க புளியங்குடிக்குப் போறோம்ட்டி. நீ பாத்துக்க."

எனக்கு வந்த கோபம் இப்போது நினைத்தாலும் சூடாக இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்க ஆரம்பித்திருந்தோம். இரண்டாவது டாக்டரின் கணக்கும் வந்திருந்தது. இதற்கா கிணற்றில் இறங்கினோம் என்று கேட்டேன். நாம் ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி என்று கத்தினேன். மதினி நிதானமாகத்தான் சொன்னாள். "கம்பெனி ஆரம்பிச்சது நீ. நான் உங்க அண்ணன ஊருக்குக் கூட்டிட்டு வரதுக்குல்லா வந்தேன். மொதல்லருந்தே அதத்தானே சொல்லுதேன்." அவள் மறைக்கவே இல்லை. தினமும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நான்தான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று எனக்கு அது புரியவில்லை. பல மாதங்கள் அவளிடம் அளந்துதான் பேசினேன். அவள் மூட்டையில் பழம் அனுப்புவாள். நான் பழத்தை மிக்ஸி கடைக்காரருக்குக் கொடுத்துவிடுவேன். அந்தக் காலம் முழுவதும் தகடு மட்டும் மேசையில் அப்படியே இருந்தது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை என்று எப்போதாவது அம்மா வழியாகத் தெரியவரும்.

இன்று காலை அலுவலகம் திறந்ததும் போன் அடித்தது. மதினி. விசாரிப்பு எதுவும் இல்லை, எடுத்த எடுப்பில், "ஏட்டி, உங்க அண்ணன் சோத்தாங்கையால பெசஞ்சு சாப்பிட்டாவ. ஸ்பூன் இல்ல. ரசஞ்சோறு!" என்றாள். ரசஞ்சோற்றை விரல் மடங்காமல் அள்ள முடியாது. மேசையிலிருந்த தகட்டைக் கையில் எடுத்தேன். "நீங்க வந்து போடுங்க மதினி" என்றேன். "மண்டியில லோடு நிக்கி. நீ போடுட்டி. எழுதின பக்கம் அம்மனப் பாத்து இருக்கணும், என்ன?" என்றாள். சொன்னபடியே செய்தேன். உண்டியலின் வாயில் தகட்டை வைத்து, எழுத்து உள்ளே பார்த்து இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் விட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. வரும் வழியில், இந்த வாரம் புளியங்குடி பஸ் ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது, மூலையில் இருந்த பெண் ஒரு தாளோடு எழுந்து வந்து, "அக்கா, ஆளு திரும்பி நிக்கான், மணிக்கட்டுல வட்டம்" என்றாள். கை விஷயத்தில் சந்தேகம் வந்தால் தகட்டை எடுத்துத் திருப்பிப் பார்ப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் என் மேசைமேல் தடவினாள். தண்ணீர் பாட்டில்தான் தட்டுப்பட்டது. "தகடு எங்கக்கா?" என்றாள். நான் என் வலது கையை அவள் முன்னால் நீட்டினேன். "இத வச்சுப் பாரு" என்றேன்.